ஆலை வாசலுக்கு வெளியே

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக வடக்கே அரியலூருக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், கொள்ளிடத்தின் நீண்ட பாலத்தைக் கடந்ததும் திருமானூரை அடைகிறார்கள். ஆற்றங்கரை ஊர்களுக்கு உரிய லட்சணங்கள் எல்லாம் அதற்கு உண்டு. கடைவீதி உண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனங்கள் உண்டு, சுற்றிலும் நெல் வயல்கள் உண்டு. வடக்கே சிறிது தூரம் போனால் பூமியின் நிறமே மாறுகிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் சமுத்திரம் கிடந்த இடம் அது. அந்தச் சமுத்திரம் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி எடுத்து, அரியலூர் ஜில்லாவின் சிமெண்டு ஆலைகள் ஊர் ஊராக வீடு கட்டுவதற்கு அனுப்பிக் கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் வயல், மறு பக்கம் ஆலை. இரண்டுக்கும் நடுவே லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் ரஸ்தா.

கொள்ளிடக் கரையோரமாகவே இருக்கிறது திருமழபாடி. அங்கே எழுந்தருளியிருக்கும் ஸ்வாமிக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். பங்குனி மாதத்தில் நடக்கும் நந்தி கல்யாணம் வெகு பிரசித்தம். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்று ஜனங்கள் சொல்வார்கள்.

கல்யாண விஷயத்தில் முந்திக்கொள்வதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முந்திக் கல்யாணம் ஆனதால் நம் வீட்டுப் பெண்ணின் மாங்கல்யம் குறைந்துவிடப் போவதில்லை. மருந்து விஷயம் அப்படியல்ல. மருந்து கொஞ்சமாகவும் கேட்பவர்கள் ஏராளமாகவும் இருக்கும்போது, ஒருவர் முந்தினால் மற்றொருவர் பிந்தித்தான் ஆகவேண்டும். பிந்துகிறவர் யார் என்பதுதான் கேள்வி. கொரோனாத் தொற்றின்போது, 2021-ஆம் வருஷத்தில், இந்தக் கேள்வியை நம் தேசம் முழுவதும் கேட்டுக்கொண்டது. அந்தக் கேள்வியில் வியாபாரிகளுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் என்ன பங்கு உண்டு என்பதை நேயர்களுடன் கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முந்தியவரும் பிந்தியவரும்

திருமானூர்ப் பக்கத்தில் நடவு நட்டுப் பிழைக்கும் ஓர் அம்மாளை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது நாற்பது இருக்கும். அவளிடம் இருக்கும் டெலிபோன் பேசுவதற்கு மட்டும் பயன்படும். அதுவும் மகன் பணம் கட்டினால். 2021 ஜனவரி 16-ந் தேதி இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது முதலில் வைத்திய ஊழியர்களுக்குப் போட்டார்கள். மார்ச் முதல் தேதி அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஏப்ரல் முதல் தேதி நாற்பத்தைந்து வயதானவர்களுக்கும் முறை வந்தது. மே முதல் தேதி, பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் வாசல் திறந்தது. நம் அம்மாளுக்கும் திறந்தது. ஆனால் அந்த வாசலுக்கு ஒரு விசித்திரமான தாழ்ப்பாள் இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் கோவின் என்னும் இணைய ஏட்டில் முன்கூட்டியே பெயரைப் பதிந்து, இடம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். அந்த ஏடு முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. மே மாதக் கடைசி வாரத்தில்தான் நேரே வந்து பெயர் கொடுப்பவர்களுக்கும் சர்க்கார் நிலையங்களில் போடலாம் என்று விதி தளர்ந்தது.

அதே மே மாதத்தில் மற்றோர் ஏற்பாடும் வந்தது. தயாராகும் மருந்தில் பாதி மத்திய சர்க்காருக்கு. கால் பங்கு ராஜ்ய சர்க்கார்களுக்கு. கால் பங்கு தனியார் வைத்தியசாலைகளுக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. நடந்தது என்ன? அந்த மாதம் தனியார் வாங்கிய சுமார் 1.20 கோடி ஊசிகளில் ஏறக்குறையப் பாதி, ஒன்பது பெரிய வைத்தியசாலைக் கூட்டங்களின் கைக்குப் போயிற்று. அவை பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் இருப்பவை. ஜூன் ஆரம்பத்தில் நம் ராஜ்ய சர்க்காரின் கையிருப்போ தீர்ந்து, பல இடங்களில் ஊசி போடுவதே நின்றுபோயிற்று.

ஜூன் மாதத்தில், தனியார் வைத்தியசாலைகளுக்கு மத்திய சர்க்கார் உச்ச விலை நிர்ணயித்தது. கோவிஷீல்டு ஒரு டோஸ் 780 ரூபாய். கோவாக்ஸின் 1,410 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 273 ரூபாய். மலிவான ஊசியையே இரண்டு தடவை போட்டுக்கொள்வதென்றால் 1,560 ரூபாய். ஏறக்குறைய ஆறு நாள் வேலையின் கூலி! இதில் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்வரும் பஸ் சார்ஜைச் சேர்க்கவில்லை. அரியலூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரி 12-ந் தேதிதான்.

சுப்ரீம் கோர்ட்டு இந்த ஏற்பாட்டைக் கண்டித்தது. ஜூன் 21-ந் தேதியிலிருந்து மத்திய சர்க்காரே முக்கால் பங்கை வாங்கி, எல்லோருக்கும் இனாமாகக் கொடுக்கத் தொடங்கிற்று. தனியாருக்குக் கால் பங்கு அப்படியே இருந்தது. பட்டணத்து வைத்தியசாலைகளின் குளிர்ப்பெட்டிகளில் மருந்து வாங்குவாரின்றிக் காத்திருக்க, கிராமாந்தரங்களில் ஜனங்கள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். ஒரே வேளையில் இரண்டு காத்திருப்பு!

நூறு பேர் கணக்கு

இனி ஆலைகளைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் 11-ந் தேதி முதல், வேலை செய்யும் இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளச் சர்க்கார் அனுமதித்தது. தகுதியுள்ளவர்கள் சுமார் நூறு பேர் அங்கே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மருந்தையும் நர்ஸையும் ஒரே இடத்துக்கு அனுப்புவதானால் இப்படி ஒரு கணக்கு வேண்டியதுதான். அதில் குறை சொல்வதற்கில்லை. பெரிய ஆலைகளும் ஆபீஸுகளும் இதனால் நன்மை அடைந்தன.

ஆனால் ஒரு வயலில் நூறு பேர் நடவு நடுவதில்லை. டீக்கடையில் நூறு பேர் வேலை செய்வதில்லை. செங்கல் சூளை, நெல் மண்டி, லாரி ஷெட்டு, தையற்கடை எதிலும் இல்லை. ஆலைக்குள்ளேயே கூட, கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயருள்ளவர் ஒருவகை. கண்டிராக்டர் அழைத்து வரும் மூட்டை தூக்குகிறவர் இன்னொரு வகை. முதலாமவர் வாசலுக்கு உள்ளே இருக்கிறார். இரண்டாமவர் உள்ளே வேலை செய்தாலும், கணக்குப் புத்தகத்தில் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

வியாதிக்கு இந்தக் கணக்குப் புத்தகம் தெரியாது. ஆலையில் ஆயிரம் பேருக்கு ஊசி போட்டுவிட்டு, அவர்களுக்கு டீ ஆற்றித் தருகிறவரையும், அவர்கள் வீட்டுக்குக் கீரை கொண்டு வருகிறவளையும் விட்டுவிட்டால், ஆலைக்கு மதில் கட்டி வாசலைத் திறந்து வைத்தது போலத்தான்.

ஜாம்ஷெட்பூர் கற்பித்த பாடம்

இந்த உண்மையை நம் தேசத்து ஆலை ஒன்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1974-ஆம் வருஷம் பெரியம்மை கடைசித் தடவையாக இந்தியாவில் உக்கிரத் தாண்டவம் ஆடிற்று. அவ்வருஷம் முதல் ஐந்து மாதங்களில் சுமார் 15,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பீகார், ஒரிஸ்ஸா, வங்காள ஜனங்கள். அந்தக் கோடையில் உலக சுகாதார ஸ்தாபனத்தில் வேலை செய்துகொண்டிருந்த லாரி பிரில்லியண்ட் என்னும் இளம் அமெரிக்க டாக்டர், டாட்டா நகர் ரயில் நிலையத்தில் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. அம்மை கண்டவர்கள் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரும்பு ஆலையை நம்பிப் பிழைக்க வந்த ஏழை ஜனங்கள் அவர்கள். அந்த நகரத்திலிருந்து ரயில் போகிற இடமெல்லாம் அம்மையும் போயிற்று. ஜாம்ஷெட்பூரிலிருந்து இரும்பு மட்டும் ஏற்றுமதியாகவில்லை!

அவர் டாட்டா கம்பெனியின் பெரிய அதிகாரியான ருஸி மோடியிடம் போய் முறையிட்டார். கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. "எங்கள் ஆலைத் தொழிலாளிகளுக்கு எப்போதோ அம்மை குத்தியாயிற்று, மற்றவர்களைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர்களையும் மேற்பார்வையாளர்களையும் ஜீப்புகளையும் கொடுத்தார்கள். நகரத்தில் வீடு வீடாகப் போனார்கள். ஊரை விட்டு வெளியேறுகிறவர்களுக்கும் அம்மை குத்தினார்கள். அதோடு நிற்காமல், சோட்டா நாகபுரியின் மலையோரக் கிராமங்களுக்கும் கம்பெனியின் ஆட்கள் போனார்கள். அங்கே இருந்த பெரும்பாலோர் அந்த ஆலையின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள்.

அடுத்த வருஷம், 1975 மே மாதத்தோடு, இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. அது ஒரு கம்பெனியின் வேலை என்று சொன்னால் பெரும் பிசகு. ஆயிரக்கணக்கான சர்க்கார் ஊழியர்களும் அம்மை குத்துபவர்களும் கால் தேய நடந்து செய்த காரியம் அது. ஆனால் அந்தக் காரியத்தில் வியாபாரிக்குரிய இடம் எது என்பதை ஜாம்ஷெட்பூர் காட்டிற்று. திட்டம் பொதுஜனங்களுடையது, யாருக்கு முதலில் குத்துவது என்று தீர்மானித்தவர்கள் சுகாதார அதிகாரிகள். கம்பெனி கொடுத்தது, தன்னிடம் இருந்த வண்டியும் ஆளும் ஒழுங்கும்.

நமது ராஜ்யத்தில்

2021-இல் தமிழ்நாட்டிலும் இந்த யோசனை வேறு உருவில் தலையெடுத்தது. தனியார் வைத்தியசாலைகளின் பங்கில் ஊசிகள் தங்கிக் கிடக்கின்றன. காசில்லாத ஜனங்கள் வெளியே நிற்கிறார்கள். இடையில் உள்ள காசை வியாபாரிகள் கொடுத்தால் என்ன? ஜூலை 28-ந் தேதி முதலமைச்சர் ஸ்ரீ மு. க. ஸ்டாலின், சென்னையில் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு தனியார் வைத்தியசாலைகளிலேயே ஜனங்களுக்கு இனாமாக ஊசி போடுவது என்பது ஏற்பாடு. இந்தியத் தொழில் கூட்டமைப்பு இதற்கு நிதி வழங்கிற்று.

இந்தச் சமூகப் பொறுப்பு நிதி தர்மப் பிரபுக்களின் தயவு மட்டும் அல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஊர் நன்மைக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2021 ஜூலை 30-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு விளக்கம் வெளியிட்டது. ஊசி போடுவதற்குச் செய்யும் செலவை இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் போட்டதை எழுதக் கூடாது. சட்டப் புத்தகங்களில் இத்தனை அழகான வாக்கியம் அபூர்வமாகத்தான் அகப்படும். தன் வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது கடமை. அதை அன்னதானம் என்று கல்லில் பொறிக்காதே என்று சர்க்காரே சொல்லிவிட்டது!

செப்டம்பர் 12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ராஜ்யம் முழுவதும் நாற்பதாயிரம் இடங்களில் முகாம் போட்டார்கள். இருபது லட்சம் பேருக்குப் போட எண்ணி, இருபத்தெட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டு முடித்தார்கள். பள்ளிக்கூடமும் பஸ் நிலையமும் ஜனங்களைத் தேடி வந்த வைத்தியசாலைகள் ஆயின. மருந்து ஜனங்களிடம் போனால் ஜனங்கள் மருந்திடம் வருகிறார்கள் என்பது அன்று விளங்கிற்று.

புட்டியும் பத்துப் பேரும்

பணம் மட்டும் கொடுத்தால் போதுமா? போதாது. தடுப்பூசி மருந்து கொஞ்சம் செல்லமாக வளர்ந்த பிள்ளை. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையிலேயே அதை வைத்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் வைத்த சிறு பெட்டியில் போட்டு, அன்றைக்கே கிராமத்துக்குக் கொண்டுபோய், மிச்சத்தை அன்று மாலையே திரும்பக் கொண்டுவர வேண்டும். கோவிஷீல்டுப் புட்டி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து உண்டு. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் அந்த நர்ஸம்மாள் என்ன செய்வாள்? திறந்தால் நாலு பேர் மருந்து வீண். திறக்காவிட்டால் ஆறு பேர் நடந்து வந்தது வீண்.

ஆகவே ஊரில் பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுக்கிறவர், மருந்துக்குப் பணம் கொடுக்கிறவருக்குக் கொஞ்சமும் குறைந்தவரல்ல. சேர்க்கத் தடையாக இருப்பது எது? திருமானூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவருக்கும் நம் நடவுக்கார அம்மாளுக்கும் இப்படிச் சம்பாஷணை நடப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம்.

"ஏம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடத்திலே ஊசி போடுறாங்க, வரலையா?"

"வரலாமுங்க ஐயா. போட்டுக்கிட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குதாமே?"

"அடிச்சா என்ன? தானா விட்டுடும்."

"காய்ச்சல் விட்டுடுமுங்க. அந்த ரெண்டு நாள் கூலியை யாரு கொடுப்பா?"

இந்தக் கேள்விக்கு டாக்டரிடம் மருந்து இல்லை. வியாபாரியிடம்தான் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட நாளுக்கும் காய்ச்சல் அடித்த நாளுக்கும் கூலியைப் பிடிக்காமல் கொடுப்பது ஒரு முதலாளி செய்யக்கூடிய மிகச் சிறந்த தடுப்பூசி தானம். அதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. இரண்டு ஆள் வைத்துக் கடை நடத்துகிறவரும் செய்யலாம்.

பயமும் ஒரு தடைதான். 2021 ஏப்ரல் மாதத்தில் நடிகர் விவேக், ஊசி போட்டுக்கொண்ட இரண்டாவது நாள் மாரடைப்பால் காலமானார். ஜனங்களின் உள்ளத்தில் பீதி புகுந்தது. மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் குழு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அந்த முடிவு அக்டோபரில்தான் வெளியாயிற்று. அந்த ஆறு மாதமும் யார் பேச்சை ஜனங்கள் நம்புவார்கள்? நோட்டீஸை அல்ல. தினமும் கடன் கொடுத்து வாங்கும் மளிகைக் கடைக்காரர், "நானும் போட்டுக்கொண்டேன், இதோ நிற்கிறேன்" என்று சொன்னால் நம்புவார்கள்.

ஓர் ஆட்சேபம்

"எல்லாம் சரி, ஐயா! என் தொழிலாளி என்னை நம்பி இருக்கிறான். அவனுக்கு முதலில் போடாமல் ஊருக்குப் போடச் சொல்கிறீரே, இது நியாயமா?" என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிலாளிக்குப் போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருந்து தாராளமாக இருக்கும்போது எல்லோருக்கும் போடட்டும். ஆனால் மருந்து பற்றாக்குறையாக இருக்கையில், இருபத்தைந்து வயது வாலிபனுக்குப் பணம் கொடுத்து வாங்கிய ஊசி, அறுபத்தைந்து வயதுக் கிழவரிடமிருந்து வாங்கிய ஊசியாக இருக்கக் கூடும். கடைச் சரக்கைப்போல அதைப் போட்டியிட்டு வாங்குவதில் வீரம் இல்லை. அந்த வேளையில், கம்பெனியின் பணம் வரிசையை நீளச் செய்யலாம், அறுக்கக் கூடாது.

உலக அரங்கிலும் இதே கதைதான் நடந்தது. 2021-ஆம் வருஷக் கடைசியில் பணக்கார தேசங்கள் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, மிக ஏழையான தேசங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட முதல் ஊசி கிடைக்கவில்லை. மருந்துக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டும் என்று 2020 அக்டோபரிலேயே இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டன. 2022 ஜூனில் உலக வர்த்தக ஸ்தாபனம் அதில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொண்டது. இதற்கிடையே, டெக்ஸஸ் விஞ்ஞானிகள் காப்புரிமை வாங்காமல் கொடுத்த முறையைக் கொண்டு, ஹைதராபாத்தில் உள்ள பயாலஜிகல் ஈ கம்பெனி கோர்பேவாக்ஸ் என்னும் ஊசியைத் தயாரித்தது. 2022 மார்ச் முதல் நம் தேசத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அதுதான் போடப்பட்டது. வியாபாரமும் தர்மமும் ஜன்மப் பகையாளிகள் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இனிச் செய்ய வேண்டியது

2023 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. இனி இதைப்பற்றி எழுதுவானேன் என்று சில நேயர்கள் கேட்கலாம். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த பிறகுதான் கரையைப் பலப்படுத்துவார்கள். வெள்ளம் வரும்போது மண்வெட்டியைத் தேடிப் பிரயோஜனமில்லை.

ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆலைக்காரர்களும் மண்டிக்காரர்களும் லாரி வைத்திருப்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும். யாரிடம் எத்தனை வண்டி? யாரிடம் குளிர்ப்பெட்டி? மின்சாரம் நின்றால் யாரிடம் ஜெனரேட்டர்? எந்தக் குடியிருப்புக்குப் பஸ் போவதில்லை? நடக்க முடியாத கிழவர் கிழவிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். அதைத் தயாரிக்க ஒரு மாலைப் பொழுதும் இரண்டு தம்ளர் காப்பியும்தான் செலவு. யாருக்கு முதலில் என்பதை மட்டும் டாக்டரிடம் விட்டுவிட வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் தமக்கு வேண்டியவருக்கு முதலில் பாயசம் ஊற்றக் கூடாது என்பது நம் பாட்டிமார் வகுத்த விதி அல்லவா?

திருமழபாடி வைத்தியநாதர் சந்நிதிக்கு எத்தனையோ வியாதியஸ்தர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக வந்து போகிறார்கள். ஆலை முதலாளியும் வரலாம். நடவு நடும் அம்மாளும் வரலாம். அடுத்த தொற்று எந்த வருஷம் வருமோ, எந்தப் பெயரில் வருமோ, தெரியாது. அது வரும் நாளில், திருமானூர் வயலில் நிற்கும் அந்த அம்மாளுக்கு யாரும் சிபாரிசுக் கடிதம் எழுதப் போவதில்லை. சேற்றிலிருந்து கரையேறி, கை கால் கழுவிக்கொண்டு, கூலி போகுமே என்ற கவலையில்லாமல் அவள் ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும். அவளுக்குப் பின்னால் ஆலை முதலாளி தம் முறை வரும் வரையில் நிற்க வேண்டும். அந்த வரிசையைத்தான் நாம் சுதந்திர நாட்டின் வரிசை என்று சொல்வோம்.